நாலு மணிக்குள் ஒரு ரீடிங்

"எவ்ளோ?" என்று பானட்டுக்கு அடியில் தலையை விட்டபடி கத்தினார் குணாளன்.

"எது எவ்ளோ?" என்று காருக்குள்ளிருந்து பதில் வந்தது.

"மீட்டர்ல எவ்ளோ காட்டுதுன்னு கேட்டேன்!"

"ஏங்க, இந்த மீட்டரு..."

"மீட்டர் கதையெல்லாம் அப்புறம். நம்பர். நம்பர் மட்டும் சொல்லு."

காருக்குள் எதையோ டக் டக்கென்று தட்டும் சத்தம் கேட்டது.

"ஏழு," என்றாள் ஜெகதீஸ்வரி.

"வெறும் ஏழா, புள்ளி ஏழா?"

"புள்ளி... புள்ளி ஏழு."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, பினாங்கு ஜெலுத்தோங் அடுக்குமாடியின் கார் நிறுத்தும் இடத்தில் நடந்த இந்தப் பேச்சு ஐந்தாவது மாடிவரைக்கும் கேட்டது. குணாளன் அதைப் பொருட்படுத்தவில்லை. அவருடைய கவலை வேறு. சாயங்காலம் நாலு மணிக்குக் கெப்பாலா பத்தாஸிலிருந்து பழைய கார் வாங்கும் அலாவுதீன் இழுவை லாரியோடு வருகிறார். அதற்குள் கார் பிழைக்கும் என்று காட்டாவிட்டால், இருபத்து நாலு வருடமாகக் குடும்பத்தில் ஒருத்தராக இருந்த கார் லாரியில் ஏறிப் போய்விடும்.

அலாவுதீனைப் போன் போட்டுக் கூப்பிட்டது வேறு யாருமில்லை, ஜெகதீஸ்வரிதான்.

அவள் மேலும் தப்புச் சொல்ல முடியாது. கொஞ்ச நாளாகக் கார் பெட்ரோலைத் தண்ணீராகக் குடித்தது. குடித்ததில் பாதியைப் பின்பக்கமாகக் கறுப்பாக விட்டது. போன வாரம் ஒரு கல்யாணத்துக்குப் பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு போய் இறங்கியவளைப் பார்த்து, வாசலில் சந்தனம் கொடுத்த பெண், "அக்கா, பெட்ரோல் ஸ்டேஷன்லேருந்து நேரா வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டாள். பன்னீர் தெளித்தும் வாசனை போகவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஜெகதீஸ்வரி கேட்டாள்: "இந்தக் காடியா, நானா? நீங்களே முடிவு பண்ணுங்க."

குணாளன் உடனே பதில் சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் யோசித்தார். அந்த யோசனையில்தான் காரியம் கெட்டது.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும் டைம். என்ன சீக்குன்னு கண்டுபிடிச்சு, பொழைக்கும்னு எனக்குக் காட்டுங்க. இல்லாட்டி அலாவுதீன் தம்பிகிட்ட சாவியக் கொடுத்துருவேன்."

பட்டறைக்குக் கொண்டுபோனால் ஸ்கேன் மெஷினைச் செருகிப் பார்த்து ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள் என்று நினைத்தார். கார் அவ்வளவு பழசு. எந்த மெஷினின் பிளக்கும் அதில் சேரவில்லை. "அண்ணே, இது மெஷினோட பேசத் தெரியாத காடி லா," என்று மூன்று பட்டறைக்காரர்கள் கைவிரித்துவிட்டார்கள். சரி, மெஷின் இல்லாமல் நாமே பார்ப்போம் என்று குணாளன் இறங்கிவிட்டார்.

அவர் புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடமாகத் தரப் பரிசோதகர். அளக்காத எதையும் நம்ப மாட்டார். தோசையைக்கூட வட்டம் சரியாக இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பிட்டு வாயில் வைப்பார். ஒரு வாரமாகத் தேடிப் படித்ததில் விஷயம் அவருக்குப் பிடிபட்டிருந்தது. முந்தின நாளே மனைவிக்குப் பாடம் நடத்தியும் இருந்தார்.

"என்ஜினுக்கு ஒரு மூளை இருக்கு, கம்ப்யூட்டர். புகைக்குழாயில ஒரு மூக்கு இருக்கு, சென்சர். பெட்ரோல் ஜாஸ்தியா போனா மூக்கு மோந்து பாத்து மூளைக்குச் சொல்லும். மூளை கேட்டுக்கிட்டுக் கொறைக்கும். கம்மியானா கூட்டும். அதுக்குப் பேரு குளோஸ்ட் லூப். மூக்கு சொல்றத மூளை கேக்காம, தான் மனப்பாடம் பண்ணி வச்ச கணக்குக்கு ஊத்திக்கிட்டே இருந்தா ஓப்பன் லூப். நம்ம காடி எதுல ஓடுதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"பக்கத்துல ஒருத்தர் சொல்றதக் கேட்டுத் திருத்திக்கிற சாமானா? வீட்டுல ஒண்ணு வாங்கி மாட்டலாம்," என்றாள் ஜெகதீஸ்வரி, அவரைப் பார்க்காமலே.

மூக்கின் கம்பியில் வரும் மின்சாரத்தை அளந்தால் போதும். நாலாவது மாடியில் ஏர்கான் வேலை பார்க்கும் லோகேஸ்வரனிடம் மீட்டர் இரவல் கேட்டார். அவன் அரைத் தூக்கத்தில் கதவைத் திறந்து, "இத வச்சுக்குங்கண்ணே, நம்மகிட்ட வேற புதுசு இருக்கு," என்று ஒரு பையை நீட்டிவிட்டுத் திரும்பப் படுக்கப் போய்விட்டான்.

மீட்டரின் சிவப்புக் கம்பியை ஓர் ஊக்கில் சுற்றி மூக்கின் கம்பியில் குத்தினார். கறுப்புக் கம்பியை என்ஜின் இரும்பில் கவ்வவிட்டார். மீட்டரைக் கார் ஜன்னல் வழியாக ஜெகதீஸ்வரியிடம் கொடுத்து, "வி போட்ட பக்கம் திருப்பி மடியில வச்சுக்க. நான் சொல்றப்ப கால் மிதியில எண்ணெய அமுக்கு. கேக்கறப்ப நம்பர் சொல்லு," என்றார். தூக்கிய பானட் மனைவியை முழுசாக மறைத்தது. குனிந்தால் மூக்குக்கண்ணாடி என்ஜினுக்குள் விழுந்துவிடும் என்று அதையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டாயிற்று. இனி அவருடைய கண், ஜெகதீஸ்வரிதான்.

"எவ்ளோ வரணும்?" என்று அவள் அப்போதே கேட்டாள்.

"அது ஒனக்குத் தெரியக் கூடாது. ரீடிங் எடுக்குற ஆளுக்கு என்ன வரணும்னு தெரிஞ்சா, கண்ணு அதத்தான் பாக்கும். பெக்டரியில மொத ரூலே அதுதான்."

இப்போது அந்தக் கண் புள்ளி ஏழு என்று சொல்லியிருந்தது. ஆடாமல் அசையாமல் புள்ளி ஏழு. குணாளன் தலையை ஆட்டிக்கொண்டார். பெட்ரோல் ஜாஸ்தி, காற்று போதவில்லை. காற்று வடிகட்டி அடைத்திருக்க வேண்டும். அதைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற யாருடைய கார் மேலோ தட்டினார். அந்த வெள்ளைக் கார் ஒரு பக்கம் பழுப்பானது. வடிகட்டி இல்லாமலே என்ஜினை ஓடவிட்டார். அது சளி பிடித்த எருமை மாதிரி இரைந்தது.

"இப்ப எவ்ளோ?"

உள்ளே மறுபடி அதே டக் டக் கேட்டது.

"கொறஞ்சிருக்குங்க. புள்ளி மூணு."

"மூணா? நிக்குதா, ஆடுதா?"

"நி... நிக்குது."

குணாளன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கை நிறைய இருந்த கரி நெற்றிக்கு மாறியது. ஏழிலிருந்து மூணுக்கு ஒரே பாய்ச்சலில் இறங்கினால், எங்கோ காற்று திருட்டுத்தனமாக உள்ளே போகிறது என்று அர்த்தம். ஏதோ ஒரு ரப்பர் குழாய் வெடித்திருக்கும். ஒவ்வொரு குழாயாக அமுக்கிப் பார்த்தார். எந்தக் குழாயும் வெடித்திருக்கவில்லை. ஐந்தாவது குழாய் மட்டும், இருபத்து நாலு வருட வயதுக்குரிய பலவீனத்தோடு, அவர் விரல்களுக்கு இடையில் இரண்டு துண்டானது.

அது சாதாரணக் குழாயா என்றால் இல்லை. என்ஜின் எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் குழாய் அது. அது போனதும், கொடிமலை உச்சிக்கு ஏறிக்கொண்டிருப்பதாக நினைத்துவிட்ட மூளை, நின்ற இடத்திலேயே பெட்ரோலை வாரி இறைத்தது. பின்னாலிருந்து புகை கறுகறுவென்று கிளம்பி, காற்று வாட்டத்துக்கு முதல் மாடிக்குப் போனது. முதல் மாடியில் சித்தி ஆயிஷா என்ற மலாய்க்காரப் பெண்ணின் பிள்ளைகளுடைய ஐந்து வெள்ளைப் பள்ளிச் சட்டைகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன.

"அலாமாக்! என்சிக்! பாஜு ஸ்கோலா!" என்று, பள்ளிச் சட்டை போச்சே என்ற பதற்றத்தில், மேலேயிருந்து மலாயில் சத்தம் வந்தது.

"மாஃப், காக், மாஃப்!" என்று மேலே பார்த்து மன்னிப்புக் கேட்டுக் கும்பிட்டார் குணாளன். கும்பிட்ட கையில் உடைந்த குழாய் இருந்தது.

சித்தி ஆயிஷா ஐந்து சட்டைகளையும் ஒவ்வொன்றாக உருவினாள். ஒவ்வொன்றையும் அவருக்குத் தூக்கிக் காட்டிவிட்டுத்தான் உள்ளே எடுத்துப் போனாள்.

"இப்ப எவ்ளோ?" என்றார், புகையில் இருமிக்கொண்டே. இந்தப் புகைக்கு மீட்டர் உச்சத்துக்குப் போயிருக்க வேண்டும். புள்ளி ஒன்பதுக்குக் கீழே ஒரு நூல் இறங்கக் கூடாது.

"ரொம்பக் கொறஞ்சிருச்சுங்க," என்று ஆறுதலாகச் சொன்னாள் ஜெகதீஸ்வரி. "புள்ளி ஒண்ணு."

குணாளன் நிமிர்ந்தார். பானட்டில் தலை இடித்தது. புள்ளி ஒன்று என்றால் பெட்ரோலே இல்லை என்று அர்த்தம். கண்ணெதிரே ஐந்து சட்டை கறுத்துக் கிடக்கிறது, மீட்டர் பெட்ரோல் இல்லை என்கிறதா? மீட்டர் பொய் சொல்லாது. அப்படியானால்? அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. வந்த சந்தேகத்தை மனதோடு வைத்துக்கொள்ளும் புத்தி வரவில்லை.

சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். ஜெகதீஸ்வரி ஒரு கையால் மீட்டரைப் பொத்தியிருந்தாள். இன்னொரு கையின் கட்டைவிரலால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் படிந்த தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ வேணும்னே தப்புத் தப்பாச் சொல்ற."

"நானா?"

"காடி போகணும்னுதானே ஒனக்கு? ரீடிங் கெட்டுப் போனா ஒனக்கு லாபம். அலாவுதீன் வந்து ஏத்திக்கிட்டுப் போவான்."

ஜெகதீஸ்வரி சாவியைத் திருப்பினாள். என்ஜின் நின்றது. மீட்டரைப் பைக்குள் போட்டுக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இறங்கினாள்.

"காலையிலேருந்து பசியாறாம, இந்தப் பொகையில ஒக்காந்து, ஒங்களுக்காக நம்பர் சொல்லிக்கிட்டு இருக்கேன். நான் காடிக்கு எதிரியா?" என்றாள். "நீங்களே பாத்துக்குங்க."

லிப்ட் கதவு மூடியது. குணாளன் கார் பக்கத்தில் தனியாக நின்றார். மணி பன்னிரண்டரை. வெயில் கொளுத்தியது.

மீன் தொட்டிக்குக் காற்றுப் போகும் குழாய் ஒன்று கார் பெட்டியில் கிடந்தது. அதை வெட்டி உடைந்த குழாய்க்கு ஒட்டுப் போட்டார். கை வேலை செய்தது, மனசு செய்யவில்லை. இந்தக் கார் வாங்கின வருடம்தான் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த அன்று, ஜெகதீஸ்வரி பின்சீட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். அவர் சைக்கிள்காரர்கள் முந்திப் போகும் வேகத்தில் ஓட்டினார். பட்டர்வொர்த்துக்குப் பெர்ரியில் காரோடு போன நாட்களில், அவள் இறங்கி வேடிக்கை பார்க்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்து கடலைப் பார்ப்பாள். அப்படிப்பட்டவளைப் பார்த்து என்ன வார்த்தை சொல்லிவிட்டோம் என்று நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஒரு காருக்காகப் பெண்டாட்டியைப் பொய்க்காரி என்று சொன்ன ஆள் பினாங்குத் தீவிலேயே தான் ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

மேலே போனார். ஜெகதீஸ்வரி பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தேவைக்கு மேலே சின்னதாக நறுக்கினாள்.

"ஜெகா."

டக், டக், டக் என்று கத்தி பேசியது.

"நான் சொன்னது தப்பு. வெயில்ல மூள கொழம்பிருச்சு. காடி போனாப் போகுது. நீ சாப்பிடு மொதல்ல."

கத்தி நின்றது. அவள் அவருடைய முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் கரி, மூக்கில் கரி, கண் மட்டும் சிவப்பு.

"காடி போனாப் பரவாயில்லையா?"

"பரவாயில்ல," என்றார் குணாளன். சொல்லிவிட்டு ஜன்னல் வழியாகக் கீழே கார் நிற்கும் இடத்தை எட்டிப் பார்த்தார்.

ஜெகதீஸ்வரி பெருமூச்சு விட்டாள். "சாப்பிட்டுட்டு வர்றேன். ஒரு கண்டிஷன். எதுக்கு எவ்ளோ நம்பர் வரணும்னு மொதல்லயே சொல்லிரணும். இருட்டுல தடவுற மாதிரி என்னால முடியாது."

"அதெப்படி? ரூலு..."

"அப்ப நான் வரல."

இருபத்தாறு வருட விதி, பயற்றங்காய்ப் பொரியலுக்குப் பக்கத்தில் தோற்றுப்போனது. குணாளன் சோற்றைப் பிசைந்தபடி எல்லாவற்றையும் சொன்னார். என்ஜின் சூடாவதற்கு முன்னால் புள்ளி நாலு அஞ்சில் சும்மா நிற்கும். சூடான பிறகு ஆட வேண்டும், புள்ளி ஒன்றுக்கும் புள்ளி ஒன்பதுக்கும் நடுவில், பத்து வினாடிக்கு ஏழெட்டுத் தரம். காற்றை உள்ளே விடும் வேறொரு குழாயை உருவினால் தொப்பென்று புள்ளி ஒன்றில் விழும். மூளை கேட்கிறது என்றால், அப்படியே கிடக்காமல் திரும்ப ஆடத் தொடங்கும்.

"உருவுனா ஒண்ணு. அப்புறம் மெல்ல ஏறி ஆடும்," என்று ஒப்பித்தாள் ஜெகதீஸ்வரி. "எவ்ளோ நேரத்துல ஏறும்?"

"அஞ்சாறு செகண்டு."

"வேற ஏதாவது இருக்கா?"

"காத்து போற வாயைக் கையால அடைப்பேன். அப்ப ஒம்போது."

"அடைச்சா ஒம்போது," என்று விரலை மடக்கினாள். குணாளனுக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. கல்யாணம் ஆகி இத்தனை வருடத்தில் அவள் என்ஜினைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை.

மூன்று மணிக்கு இரண்டு பேரும் கீழே இறங்கினார்கள். ஜெகதீஸ்வரி மீட்டரைக் கம்பியில் அவளே பொருத்தினாள். ஜன்னல் கண்ணாடியைப் பாதி ஏற்றிக்கொண்டாள், புகை வருகிறதாம். குணாளன் வடிகட்டியைத் திரும்பப் பூட்டினார். என்ஜின் இருமி, செருமி, உயிர் பெற்றது.

"எவ்ளோ?"

"புள்ளி நாலு அஞ்சு. ஆடாம நிக்குது."

"அப்படித்தான் நிக்கணும்!" குணாளன் குரலே மாறிவிட்டது. "எண்ணெய அமுக்கு. ரெண்டு நிமிஷம் விடாத."

என்ஜின் உறுமியது. இரண்டு நிமிடம் அவருக்கு இரண்டு வருடமாகப் போனது.

"இப்ப?"

"ஆ... ஆரம்பிச்சிருச்சுங்க! ரெண்டு... அஞ்சு... ஒம்போது... ஏழு... மூணு... ஒண்ணு... நாலு... எட்டு..."

குணாளன் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குக் கிட்டத்தில் பிடித்துக்கொண்டு எண்ணினார். பத்து வினாடிக்கு எட்டுத் தரம். புத்தகத்தில் போட்டிருந்தது போலவே இருந்தது.

"உருவுறேன்!"

"விழுந்துருச்சு! ஒண்ணு... ஒண்ணு... ஒண்ணு... இந்தா ஏறுது... மூணு, ஆறு, ஆடுதுங்க!"

"அடைக்கிறேன்!"

"ஒம்போது!"

குணாளன் பானட்டைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கார் கேட்கிறது. மூக்கு சொல்வதை மூளை கேட்கிறது. குளோஸ்ட் லூப். மூளை நல்ல மூளை. மற்றதெல்லாம் சில்லறைச் சீக்கு. பின்னால் இன்னும் புகை கறுப்பாகத்தான் வந்தது, என்ஜின் குளிரில் நிற்பவன் பல் மாதிரி அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதையெல்லாம் அவர் கவனிக்கும் நிலையில் இல்லை.

"பொழச்சிருச்சு, ஜெகா!"

"அதான் நானும் பாத்தேன்," என்றாள் அவள் உள்ளேயிருந்து.

சரியாக நாலு மணிக்கு அலாவுதீனின் லாரி வந்து நின்றது. அவர் இறங்கி, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, புகையைக் கையால் விலக்கியபடி வந்தார்.

"என்னாண்ணே, ஏத்திருவமா?"

"விக்கிறதா இல்ல தம்பி. காடிக்கு ஒண்ணுமில்ல. டெஸ்ட் பண்ணியாச்சு."

அலாவுதீன் புகையைப் பார்த்தார். குணாளனைப் பார்த்தார். "இந்தப் பொகையையும் வச்சுக்கிட்டா?"

"பொகையப் பாக்காதீங்க, ரீடிங்கப் பாருங்க. கேட்டதுக்கெல்லாம் டக்கு டக்குன்னு பதில் சொல்லுது. ஜெகா, தம்பிகிட்ட மீட்டரக் காட்டு."

ஜெகதீஸ்வரி காரைவிட்டு இறங்கவில்லை. "அவருக்கு எதுக்குக் காட்டணும்? விக்கலைன்னா விக்கல. மன்னிச்சுக்குங்க தம்பி, வீணா அலைய வச்சுட்டேன். ஒரு தே குடிச்சிட்டுக் கெளம்புங்க."

"அக்கா, நீங்கதானே போன் போட்டீங்க? இன்னிக்கே ஏத்திக்கிட்டுப் போங்கன்னு?"

"போட்டேன். இப்ப வேணாங்கறேன். கையெழுத்தா போட்டுக் கொடுத்தேன்?"

குணாளனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் பரிசோதகர். ரீடிங் என்றால் மூன்றாவது ஆள் ஒருத்தர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போதுதான் அது ரீடிங். "நாம என்ன ஒளிச்சு வைக்கவா போறோம்?" என்று ஜன்னலுக்குள் கையைவிட்டு, மனைவி இரண்டு கையாலும் பிடித்திருந்த மீட்டரைச் செல்லமாக இழுத்து எடுத்து அலாவுதீனிடம் நீட்டினார். "நீங்களே பாருங்க தம்பி. எப்படி ஆடுதுன்னு."

அலாவுதீன் மீட்டரை வாங்கிப் பார்த்தார். திருகை இப்படியும் அப்படியும் திருப்பினார். உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். பிறகு கவிழ்த்து, முதுகு மூடியை நகத்தால் நெம்பித் திறந்தார். உள்ளே பார்த்தவர், காருக்குள் தலையைக் குனிந்துகொண்டிருந்த ஜெகதீஸ்வரியை ஒரு தரம் பார்த்தார்.

"அண்ணே, இதுல பேட்டரியே இல்ல. அக்கா இவ்ளோ நேரமா எதப் பாத்து நம்பர் சொன்னாங்க?"